சீசனில் வரும் சம்பளம், வருடம் முழுக்கப் போகும் வாடகை

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. சொந்த ஊர் வாகரைப் பக்கம். திருமணத்துக்குப் பிறகு திருகோணமலைக்கு வந்தவர். நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கைக்கு வருவது 52,000 ரூபாய். கணவருக்கு நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. சீசன் ஆறு மாதமும் சேர்விஸ் சார்ஜோடு 85,000 வரை வரும். மற்ற ஆறு மாதமும் 42,000 தான். நான்கு வயதில் ஒரு மகன், கூடவே மாமி. ஒரு வீட்டின் பின்பகுதியில் 35,000 வாடகைக்கு இருக்கிறார்கள். குடிவரும்போது ஆறு மாத அட்வான்ஸ் 210,000 கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு லட்சம் ஐந்து வட்டிக்கு வாங்கிய காசு. 14 மாதமாக மாதம் 10,000 வட்டி போகிறது. முதல் அப்படியே நிற்கிறது.

ஜனவரியில் வீட்டுக்காரர் வந்து, "மார்ச் முடிய வீட்டைத் தாங்கோ, சீசனுக்கு வெள்ளைக்காரருக்குக் கொடுக்கப்போறன். இருக்க விருப்பமெண்டால் 55,000" என்று சொல்லியிருக்கிறார். அட்வான்சைக் கேட்டால் பெயின்ட், திருத்த வேலை என்று கழிக்கப் பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்த காகிதம் வாசகியிடம் இருக்கிறது. "அது இருக்கும்போது எங்களை எழுப்ப முடியுமா அக்கா?" என்று கேட்கிறார். கணவரின் தம்பியோ, "எழும்பாதேங்கோ, வழக்குப் போட்டால் பத்து வருசம் இழுபடும்" என்று தைரியம் சொல்கிறாராம். வேலையிடத்தில் மூன்று வருடமாக ஈ.பி.எஃப் என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை. கேட்டால், "நீங்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், உங்களுக்கு அது இல்லை" என்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாகரைக்கே போய்விடலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக ஒரு வரி: "முட்டையை வாரத்துக்கு ஒரு நாள் ஆக்கிவிட்டேன், மகனுக்குப் பால்மாவை நிறுத்திவிட்டேன், அப்படியும் மாதக் கடைசியில் கடைக் கொப்பிதான். எனக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை என்று இவர் சொல்கிறார். நான் செலவாளியா?"

தங்கச்சி, நான் சட்டத்தரணி. வரவு செலவு பார்ப்பது என் தொழில் இல்லை. ஆனாலும் கடைசிக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றக் கேள்விகளுக்கான விடையும் நீங்கள் பின்பக்கத்தில் எழுதி அனுப்பிய செலவுக் கணக்கில்தான் கிடக்கிறது.

வாடகை 35,000. வட்டி 10,000. சாப்பாட்டுச் சாமான், மீன், காஸ் எல்லாம் சேர்த்து 38,000. கரண்டும் தண்ணீரும் 6,500. முன்பள்ளியும் வானும் 7,000. மோட்டார் சைக்கிள் லீசிங் 11,500. போன் 4,000. ஊரில் அம்மாவுக்கு 5,000. கூட்டினால் 117,000. சீசன் மாதத்தில் இரண்டு சம்பளமும் சேர்ந்து 137,000, இருபதாயிரம் மிஞ்சும். சீசன் இல்லாத மாதத்தில் 94,000. இருபத்துமூவாயிரம் துண்டு விழும். ஆறு மாதம் 20,000 மிஞ்சினால் 120,000. ஆறு மாதம் 23,000 துண்டு விழுந்தால் 138,000. ஆக ஒரு வருடத்துக்கு 18,000 குறைகிறது. காய்ச்சல், கலியாணம், சாமத்தியச் சடங்கு, சைக்கிள் ரயர் ஒன்றுமே இதில் இல்லை.

நாலு பேர் சாப்பிட 38,000 என்பது இன்றைய விலையில் ஊதாரித்தனம் இல்லை. தேங்காய் வாங்கும் எவரும் அதை ஒத்துக்கொள்வார்கள். அங்கே இன்னும் எவ்வளவு நசித்தாலும் இரண்டாயிரம், மூவாயிரம்தான் வரும். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அட்வான்சுக்காகக் கடன் வாங்கினீர்கள், அந்தக் கடனுக்கு மாதம் 10,000 கட்டுகிறீர்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டு வாடகை 35,000 இல்லை, 45,000. சீசன் இல்லாத மாதத்தில் வீட்டுக்குள் வரும் காசில் கிட்டத்தட்டப் பாதி. இந்தக் கணக்கைக் கணவருக்குக் காட்டுங்கள். குடும்பம் நடத்தத் தெரியாதவர் இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பமாட்டார் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

அந்தக் காகிதத்துக்கு என்ன பலம்

இனி என் தொழிலுக்கு வருகிறேன். இதில் உங்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தி இருக்கிறது.

நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. முத்திரை ஒட்டினால் பத்திரம் ஆகிவிடும் என்பது நம் ஊரில் வேரோடிப் போன நம்பிக்கை. முத்திரை நொத்தாரிசின் இடத்தை நிரப்பாது. உங்களிடம் இருப்பது இரண்டு வருடக் குத்தகை இல்லை. சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக்கு இருப்பவர். ஒரு முழு மாத முன்னறிவித்தல் கொடுத்து அந்த வாடகையை வீட்டுக்காரர் முடித்துக்கொள்ளலாம். அவர் ஜனவரியில் சொல்லி மார்ச் முடிவுவரை தந்திருக்கிறார். வாயால் சொன்னாரே தவிர, காலம் குறைவென்று சண்டை பிடிக்க இடமில்லை.

அப்படியென்றால் காகிதம் குப்பையா? இல்லை. அதில் "210,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன், வீட்டை ஒப்படைக்கும்போது திருப்பித் தருவேன்" என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காசு கைமாறியதற்கு அது நல்ல சான்று. குத்தகையாக நிற்காது, பற்றுச்சீட்டாக நிற்கும். பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டு வையுங்கள். போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

கணவரின் தம்பி சொல்லும் பத்து வருடக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்காரர் பக்கம் நன்றாகச் சாய்ந்த சட்டம். அதன் நிழலில் அற்ப வாடகைக்குத் தலைமுறையாக இருந்தவர்களைப் பற்றிக் கொழும்பிலும் கண்டியிலும் ஏராளமான கதைகள் உண்டு. அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பழைய வாடகைக்காரருக்கானது. 14 மாதத்துக்கு முன் குடிவந்த நீங்கள் அதை நம்பி இருந்துவிட்டால், முன்னறிவித்தல் காலம் முடிந்த பிறகு இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நட்ட ஈடு கேட்டு அவர் வழக்குப் போடலாம். வழக்கு இழுபடும், உண்மைதான். இழுபடும் காலம் முழுக்க நீங்களும்தான் அதோடு இழுபடுவீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது வருமானம். உங்களுக்கு இன்னொரு மாதச் செலவு.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டம் உறுதியாக உங்கள் பக்கம். நீங்கள் எழும்பவில்லை என்பதற்காக அவர் பூட்டை மாற்றவோ, சாமானை வெளியில் வைக்கவோ, கரண்டை வெட்டவோ முடியாது. வெளியேற்ற நீதிமன்றக் கட்டளை வேண்டும். பலாத்காரமாக வெளியேற்றினால் உடனே பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் விஷயத்தை நீதவான் முன் கொண்டுபோகலாம். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் அங்கே போக வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கடிதத்தைப் பார்த்தால், மகனுக்குத் தன் வீட்டு மாங்காயைக் கொடுத்துவிடுகிற மனிதராகத்தான் தெரிகிறார். சீசனில் ஒரு அறையை நாள் கணக்கில் விட்டால் என்ன வரும் என்று அவரும் கணக்குப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

அட்வான்ஸ்: பேரம் பேச வேண்டிய இடம்

வீட்டுக்காரருக்கு ஏப்ரலில் வீடு வேண்டும். உங்களுக்கு 210,000 வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கைமாற வேண்டும். பேச்சை இதை விட்டு வெளியே போக விடாதீர்கள்.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். "நீங்கள் கேட்டபடி மார்ச் 31 வீட்டை ஒப்படைக்கிறோம், அன்றே முற்பணம் 210,000 ரூபாயைத் தரவும்" என்று இரண்டே வரி போதும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பவருக்குப் பதிவுத் தபாலா என்று மாமி சிரிப்பார். சிரிக்கட்டும்.

அட்வான்சை வாங்கிய பலர் அதைச் செலவழித்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். காசு சீமெந்தாகிப் போயிருக்கலாம். "இப்போது கையில் இல்லை" என்றால் உங்கள் பதில் இப்படி இருக்கட்டும்: "சரி அண்ணா, ஆறு மாத வாடகைக்குச் சமமான காசு உங்களிடம் இருக்கிறது. அது கழியும்வரை வாடகை தராமல் இருக்கிறோம், செப்டெம்பர் முடிய எழும்புகிறோம்." சீசன் முழுக்கப் போய்விடும் என்பதால் அவர் எங்கேயாவது காசு புரட்டப் பார்ப்பார். அவர் அதற்கு ஒத்துக்கொண்டாலும் உங்களுக்கு நட்டமில்லை. ஆனால் இதெல்லாம் பேச்சுவார்த்தை என்பதை மறக்கக்கூடாது. காசு தரும்வரை திறப்பைப் பிடித்துவைத்திருக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

பெயின்ட் பற்றி: வீட்டைப் பாவித்ததால் இயல்பாக வரும் மங்கலும் கீறலும் உங்கள் தலையில் வராது. நீங்கள் உடைத்தது இருந்தால் அது உங்கள் பொறுப்பு. அவர் கழிப்பதென்றால் என்ன வேலை, எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போகுமுன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள்.

அப்படியும் தராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. உங்களுடையதைப் போன்ற தொகைப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி உங்களுக்காகப் போய்ப் பேச முடியாத இடம் அது. ஆகவே எனக்கு அங்கே வேலையில்லை, உங்களுக்கும் கட்டணம் இல்லை. அதையும் தாண்டிப் போனால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்தைக் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேசத்தான் அந்த ஆணைக்குழு 1978 இல் உருவாக்கப்பட்டது.

காப்பு அல்மாரியில், வட்டி வாசலில்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதி, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். வெட்டினாலும் வாசிக்க முடிகிறது. "என்னிடம் தாலிக்கொடி தவிர நாலு பவுனில் காப்பு இருக்கிறது, ஆனால் நகையை அடகு வைக்கும் நிலைக்கு வந்துவிட்டோம் என்று ஊர் பேசக்கூடாது."

ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். வருடத்துக்கு 60 வீதம். வங்கி அடகு வட்டி இதன் பக்கத்தில் கூட வராது. 14 மாதத்தில் 140,000 ரூபாய் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு லட்சம் கடன் வைத்திருக்கிறீர்கள். அல்மாரியில் சும்மா கிடக்கும் காப்பின் மரியாதைக்காக மாதம் பத்தாயிரம் கட்டுகிறீர்கள். இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ அடகுக் கரும்பீடத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். விதைப்புக்காகத் தம்பலகாமத்து விவசாயி நிற்பார், பிள்ளையைப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஆசிரியை நிற்பார். 2022 க்குப் பிறகு அந்த வரிசையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. வட்டிக்காரர் மாதா மாதம் வாசலில் வந்து நிற்பதை அக்கம்பக்கம் பார்க்கிறது, அதுதான் பேச்சாகும்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்கச் சொல்லவில்லை. இரண்டு எச்சரிக்கை. வங்கி எவ்வளவு தருவேன் என்றாலும் தேவைப்படும் தொகையை மட்டும் எடுங்கள். "கூடத் தருகிறார்கள்" என்று எடுத்த காசு எங்கே போனது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அடகுச் சீட்டில் இருக்கும் தவணைத் திகதியைக் கலண்டரில் எழுதுங்கள்; மீட்காமலும் வட்டி கட்டிப் புதுப்பிக்காமலும் விட்டால் ஏலம்தான்.

எவ்வளவு தேவைப்படும்? பாலையூற்றில் 22,000 க்கு ஒரு வீடு இருக்கிறது, மூன்று மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள், தனி மீற்றர் இருக்கிறது, "ஆனால் மாமிக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வீட்டை வைத்துக் கணக்குப் பார்த்தேன். கைக்கு வரும் 210,000 இல் 66,000 புது அட்வான்ஸ். மிச்சம் 144,000 ஐ வட்டிக்காரருக்குக் கொடுத்தால் 56,000 குறையும். அதற்குக் காப்பில் ஒரு பகுதியை வைத்தால் போதும். வங்கி வட்டி மாதம் ஆயிரத்துக்குள் அடங்கும்.

இப்போது மாதக் கணக்கைத் திரும்பப் போடுவோம். வாடகையில் 13,000 குறைகிறது. வட்டி 10,000 நிற்கிறது. அடகு வட்டிக்கு 1,000 கூட்டுவோம். நிலாவெளிக்குக் கணவர் கூடுதலாக ஓட வேண்டும், பெற்றோலுக்கு 3,000 கூட்டுவோம். 117,000 ஆக இருந்தது 98,000 ஆகிறது. சீசன் இல்லாத மாதத்தில் 4,000 துண்டு விழும். சீசனில் மாதம் 39,000 மிஞ்சும். மே, ஜூன் இரண்டு மாத மிச்சத்தில் காப்பு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு முட்டையைக் கூடக் குறைக்காமல் கிடைத்த கணக்கு இது. பால்மாவைத் திரும்ப வாங்கினாலும் தாங்கும்.

மாமிக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. கடற்காற்று இல்லை என்பதா, பழகிய மனிதர் இல்லை என்பதா, ஆட்கள் என்ன சொல்வார்கள் என்பதா? முதல் இரண்டும் நியாயமானவை. வயதானவர்களுக்கு இடம் மாறுவது லேசில்லை. அவரையும் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுங்கள், கணக்கையும் காட்டுங்கள். பெரியவர்களிடம் காசு விஷயத்தை மறைப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். தெரிந்தால்தானே அவர்களும் கை கொடுப்பார்கள்.

ஈ.பி.எஃப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள், விட்டும் விடாதீர்கள்

ஒப்பந்த ஊழியருக்கு ஈ.பி.எஃப் இல்லை என்று உங்களுக்குச் சொன்னது தவறு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், பயிலுநர் என்று பிரிப்பதில்லை. வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்து உரிமை உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம். அதோடு ஈ.டி.எஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 52,000 க்கு முதலாளியின் பங்கு மாதம் 7,800. மூன்று வருடமும் இதே சம்பளம் என்று வைத்தால் 280,800 ரூபாய். தாமதத்துக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் அவர்கள் தலையில் விழும்.

இந்தத் தொகையைப் பார்த்து வீட்டுக் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஈ.பி.எஃப் காசைப் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் எடுக்கலாம். ஒழுங்காகக் கட்டத் தொடங்கினால் உங்கள் பங்கு 4,160 ரூபாய் மாதாமாதம் சம்பளத்தில் குறையும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நல்ல குறைவுதான், ஆனால் குறைவு குறைவுதான். அதனால் வீடு மாறி, வட்டியை முடித்த பிறகு இதைக் கையில் எடுக்கச் சொல்வேன். வீட்டையும் வேலையையும் ஒரே மாதத்தில் ஆட்டிப் பார்க்கும் நிலையில் உங்கள் குடும்பம் இல்லை.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். நியமனக் கடிதம், ஒவ்வொரு ஆறு மாதப் புதுப்பிப்பு, சம்பளச் சீட்டு, வங்கிக்குச் சம்பளம் வந்த விவரம் எல்லாவற்றையும் சேருங்கள். பிறகு முகாமையாளரிடம் தன்மையாக ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. உங்களோடு இன்னும் நாலு பேர் அதே நிலையில் இருக்கிறார்கள் என்கிறீர்கள். சேர்ந்து போனால் ஒருவர் மீது மட்டும் கோபம் திரும்பாது.

வாகரைக்குப் போவதா?

போகலாம். வாடகை மிச்சம், அம்மா பக்கத்தில். ஆனால் உங்கள் 52,000 போய்விடும், கணவர் ஹோட்டல் அறையில் தங்க வேண்டும், இரண்டு இடத்தில் அடுப்பு எரியும். கணக்குப்படி பாலையூற்று வெல்கிறது. மனசுப்படி வாகரை வெல்கிறதென்றால் அது வேறு விஷயம், நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. கடனுக்குப் பயந்து ஓடுவதாக மட்டும் அது இருக்கக்கூடாது.

ஒன்றை யோசியுங்கள். இந்த ஊரில் திருக்கடலூர்ப் பக்கம் கடலை நம்பி வாழும் வீடுகளைப் பாருங்கள். வாடைக்காற்று பிடித்தால் நவம்பரிலிருந்து தை வரை கடலுக்குப் போவது பாதிக்கு மேல் நின்றுவிடும். அங்கே நன்றாக வீடு நடத்தும் பெண்கள் மீன் படும் மாதத்தின் காசில் மாதச் செலவை அமைப்பதில்லை. கடல் கொந்தளிக்கும் மாதத்துக்கு எது போதுமோ அதுதான் வீட்டின் அளவு. மிச்சம் அரிசியாக, கருவாடாக, சீட்டாக ஒதுங்கும். உங்கள் கணவர் வலை இழுக்கவில்லை, தட்டம் ஏந்துகிறார். காற்று அதே காற்றுதான், வெள்ளைக்காரரும் மீனும் ஒன்றாகத்தான் வந்து போகிறார்கள். 98,000 ஐ வருடம் முழுக்க உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சீசனில் சேர்விஸ் சார்ஜ் வந்த அன்றே மிச்சத்தைத் தேசிய சேமிப்பு வங்கியிலோ உங்கள் பகுதிச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ வேறு கணக்கில் போடுங்கள். ஏ.ரி.எம் கார்ட் இல்லாத கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.

அரிசியும் இப்போது வாங்குகிற நேரம். பெரும்போக அறுவடை முடிந்து தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் நெல் வரும் பெப்ரவரி, மார்ச்சில் மூட்டையாக எடுத்தால் கடைக் கொப்பியில் கிலோக் கணக்கில் எழுதுவதைவிட மலிவு. வீடு மாறுகிற அவசரத்தில் மூட்டையையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்றால், போன பிறகு வாங்குங்கள்.

கரண்ட் பில்லையும் இதோடு சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீற்றரில் இருந்து பாதிப் பாதி கட்டுகிறீர்கள். நம் நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல்; அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியல். இரண்டு வீட்டுப் பாவனை ஒரு மீற்றரில் சேரும்போது, ஏசி இல்லாத நீங்களும் ஏசி வீட்டின் படியில் நின்று கட்டுகிறீர்கள். பாலையூற்று வீட்டில் தனி மீற்றர் இருக்கிறது என்று ஒரு மூலையில் எழுதியிருந்தீர்களே, அந்த வீட்டின் மிகப் பெரிய சிறப்பு அதுதான் என்பேன். துண்டு விழும் 4,000 இல் பாதியாவது அங்கே பிடிபடும்.

பாலையூற்று வீட்டுக்காரரோடு நொத்தாரிசு முன்னால் எழுதுங்கள். கட்டணம் வரும்தான். ஆனால் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எழுதினால் அது உண்மையில் நிற்கும். மகனை முதலாம் தரத்துக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பிக்கும்போது வதிவிடத்தைக் காட்டும் பத்திரங்களும் கேட்பார்கள், அங்கேயும் உதவும். வாக்காளர் இடாப்பிலும் புது விலாசத்தில் பெயர் பதியுங்கள். மாதம் 12,000 கட்டி சர்வதேசப் பள்ளிக்கூடத்தில் போடச் சொல்லும் மச்சாளின் யோசனைக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. கட்டணமில்லாத பள்ளிக்கூடமும் இலவசப் பாடப்புத்தகமும் இருக்கும் ஊரில், அந்த 12,000 உங்கள் வீட்டில் இல்லாத காசு.

கடைசியாக, வட்டிக்காரரிடம் கணவர் கையெழுத்து மட்டும் வைத்த வெறும் காசோலை ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் என்னைப் பயமுறுத்திய வரி அதுதான். தொகையும் திகதியும் அவர் நிரப்பினால், காசில்லாமல் திரும்பிய காசோலையாக அது உங்கள் மேல் வந்து விழும். கடனை முடிக்கும் நாளில் கணவர் தனியாகப் போகக்கூடாது, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போக வேண்டும். மேசையில் காசை வைக்குமுன் காசோலையைக் காட்டச் சொல்லுங்கள். முதலும் வட்டியும் முழுக்கத் தீர்ந்தது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். காசோலையை அங்கேயே குறுக்காகக் கிழித்து, இரண்டு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "எங்கேயோ வைத்துவிட்டேன், பிறகு தாறன்" என்று அவர் சொன்னால், காசைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு அன்றே வங்கிக்குப் போய், அந்தக் காசோலை இலக்கத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்.